காசல்ரீ கரையில தெரியுறது மிங்க்கா, நீர்நாயா, கீரியா?

காசல்ரீ_கரை:
எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் நோர்வூட்டுக்குக் கீழ, ஓயா வந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துல சேருற இடத்துல விடியக்காலையில ஒரு பிராணி தெரியுது. கறுப்புக் கலந்த பழுப்பு, நீள உடம்பு, கட்டைக் கால். பாறையில இருந்து சத்தமில்லாம வழுக்கித் தண்ணிக்குள்ள இறங்குது. மூடுபனிக்குள்ள போன்ல எடுத்த படம் ரெண்டு போட்டிருக்கேன், கலங்கித்தான் இருக்கு. வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் "இது மிங்க், நிறத்தைப் பாருங்க, வெளிநாட்டுல கோட் தைக்கிற தோல் இதுதான்"னு அடிச்சுச் சொல்றார். இன்னொருத்தர் கீரிங்கிறார். மிங்க் நம்ம நாட்டுல இருக்கா? நிறத்தை வச்சு எப்படிப் பிரிக்கிறது?

ஈரக்காடு:
தம்பி, இலங்கைக் காட்டுல மிங்க் கிடையாது. மிங்க், வீசல், மார்ட்டென், நீர்நாய் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துல நம்ம தீவுல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, நீர்நாய். சிங்களத்துல தியபல்லா. கடலுக்கு அந்தப் பக்கம் நீலகிரியில மார்ட்டென் இருக்கு, அதுகூட இங்க இல்லை. கீரி இந்தக் குடும்பமே இல்லை. பூனை, புனுகுப்பூனை பக்கத்துச் சொந்தம் அது.

ஒங்க ரெண்டாவது படத்துல தண்ணிக்கு மேல தலை மட்டுந்தான் இருக்கு, முதுகைக் காணோம். நீர்நாய் அப்படித்தான் நீந்தும். மிங்க்குக்கு மிதப்புக் கூட, முதுகும் வெளிய தெரியும். முதல் படத்துல வால் அடியில தடிச்சு, நுனிக்குப் போகப் போக மெலியுது. மிங்க் வால் அப்படி இருக்காது, முடி அடர்ந்து, உடம்புல பாதி நீளத்துக்கு மேல போகாது. பருமனும் பொருந்தாது. ஆண் மிங்க்கே பொதுவா ஒரு கிலோவுக்கு அக்கம்பக்கந்தான், பெண் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. வளர்ந்த நீர்நாய் 6, 7 கிலோவுக்கு மேல போகும்.

நிறத்தைக் கடைசியாப் பாருங்க. நனைஞ்ச நீர்நாய் மூடுபனியில தார் பூசின மாதிரி கறுப்பாத் தெரியும். அதே நீர்நாய் பாறையில ஏறி உதறிட்டுக் கால் மணித்தியாலம் வெயில் காய்ஞ்சா சாம்பல் பழுப்பு. கழுத்துக்கு அடியில வெளிறி நிக்கும், முடி கொத்துக் கொத்தா ஈட்டி மாதிரி நிக்கும். ஒரே பிராணி, ஒரே காலையில ரெண்டு நிறம்.

கொத்மலை_ஓயா:
இந்தக் குழப்பத்துல பாதி தமிழ்ல எழுதுறவங்க பண்ணினது. 2020 நவம்பர்ல டென்மார்க்ல கொரோனா வைரஸ் பண்ணை மிங்க்குகள்ல மாறிப் பரவுதுன்னு அத்தனையையும் கொல்லச் சொன்னாங்க. ஒன்றரைக் கோடிக்கு மேல. அந்தச் செய்தியை இங்க பல பேர் "கீரி"ன்னே பகிர்ந்தாங்க. அதுக்கப்புறம் பழுப்பா எது ஓடினாலும் மிங்க், மிங்க் எது வந்தாலும் கீரி. தமிழ்ப் பெயர் தெரியலைன்னா மிங்க்னே எழுதிட்டுப் போகலாமே, யார் கேட்கப் போறா.

மெண்டல்_டீச்சர்:
ஈரக்காடு சொன்னது சரி. மிங்க் பற்றிக் கேட்டதால் அதையும் தெளிவாக்கிவிடுகிறேன்.

இன்று உயிரோடு இருப்பவை இரண்டே இனங்கள். அமெரிக்க மிங்க் வட அமெரிக்காவுக்கு உரியது. அலாஸ்கா, கனடா தொடங்கித் தென்மேற்குப் பாலைநிலம் தவிர்ந்த ஐக்கிய அமெரிக்கா முழுவதும் உண்டு. ஐரோப்பிய மிங்க் மிக அருகிவிட்டது. வட ஸ்பெயின், தென்மேற்குப் பிரான்ஸ், டான்யூப் கழிமுகம், ரஷ்யாவின் சில பகுதிகள், பிறகு எஸ்டோனியாவின் ஹியூமா தீவு ஆகியவைதான் மிச்சம். அந்தத் தீவில் முதலில் அமெரிக்க மிங்க்கைப் பிடித்து அகற்றினார்கள். 2000 முதல் கூண்டில் பிறந்த ஐரோப்பிய மிங்க்குகளை விட்டார்கள். மூன்றாவதாகக் கடல் மிங்க் என்று ஒன்று வட அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் இருந்தது. மற்றவற்றைவிடப் பெரியது, செம்மை கூடிய தோல். வேட்டையிலேயே அழிந்தது. 1903 இல் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தபோது கையில் இருந்தவை பழங்காலக் குப்பைமேட்டு எலும்புகள்தான்.

பெயர் ஒன்றாக இருப்பதால் அமெரிக்க மிங்க்கும் ஐரோப்பிய மிங்க்கும் உடன்பிறப்பு என்று எண்ண வேண்டாம். ஐரோப்பியது போல்கேட் என்ற வீசல் வகைக்கு நெருங்கிய உறவு, நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்) 38. அமெரிக்கதுக்கு 30. இரண்டும் ஆற்றங்கரை வாழ்க்கைக்கு ஏற்றபடி ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தவை. அமெரிக்க ஆண் ஐரோப்பியப் பெண்ணுடன் சேர்ந்தாலும் குட்டி பிழைப்பதில்லை. ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்த இனத்தின் பெண்ணுக்கு ஒரு பருவம் வீணாகிறது.

முகத்தில் பார்க்க வேண்டியது உதடு. ஐரோப்பிய மிங்க்குக்கு மேலுதடு, கீழுதடு இரண்டிலும் வெள்ளை. அமெரிக்க மிங்க்குக்குக் கீழுதட்டிலும் நாடியிலும் மட்டும். மேலுதட்டில் வெள்ளை வருவது அபூர்வம்.

கொழுந்துக்கூடை:
டீச்சர், அப்போ சாம்பல், நீலம், வெள்ளைன்னு மிங்க் கோட் படம் பார்க்கிறோமே, அதெல்லாம் சாயமா? இல்லாட்டி வேற வேற இனமா?

மெண்டல்_டீச்சர்:
சாயம் ஏற்றியதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது பிறவி நிறம். இனம் ஒன்றே, எல்லாம் அமெரிக்க மிங்க்.

காட்டில் அதற்குக் கடும் பழுப்புதான், சிலது கறுப்பை ஒட்டியிருக்கும். நாடியில் வெள்ளைத் திட்டு, சிலவற்றுக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் ஒழுங்கில்லாத வெள்ளைப் புள்ளிகள். தோல் இரண்டு அடுக்கு. மேலே நீண்ட, எண்ணெய்ப் பசையுள்ள பளபளப்பு முடி, அடியில் தண்ணீர் புகாத நெருக்கமான மென்முடி. நிறம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் மேலடுக்கை.

1860களிலேயே அமெரிக்காவில் மிங்க்கைக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். 1930களின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் ஒரு பண்ணையில் நீலச் சாம்பல் குட்டி பிறந்தது. அதுதான் சில்வர்புளூ. நிறமணி வழக்கம் போல உருவாகிறது. ஆனால் முடிக்குள் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாக நின்றுவிடுகிறது. இடையில் வெற்றிடம் இருப்பதால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. பின்னிடைவான இயல்பு, அதாவது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்.

அடுத்தது அலூசியன், துப்பாக்கி இரும்பின் கருஞ்சாம்பல். இங்கேதான் நிறத்துக்கு விலை கொடுக்க வேண்டி வருகிறது. நிறமணிகள் அளவுக்கு மீறிப் பெருத்துக் கட்டியாகின்றன. அதே கோளாறு வெண்குருதிக் கலங்களுக்குள்ளும் நடக்கிறது. மனிதரில் செடியாக்–ஹிகாஷி நோய் என்று வருவதும் இதே பரம்பரையலகின் பழுதுதான். அந்த மிங்க்குக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு, காயம் பட்டால் இரத்தம் நிற்கவும் நேரம் எடுக்கும். 1956 இல் பண்ணைகளில் விவரிக்கப்பட்ட ஒரு வைரஸ் நோய்க்கு அலூசியன் நோய் என்றே பெயர் வந்தது. எல்லா நிற மிங்க்குக்கும் அது தொற்றும், இந்த நிறத்தவை விரைவாகச் சாகும்.

வெள்ளையிலும் இரண்டு சாதி. ஒன்று உண்மையான வெளிறி, கண் சிவப்பு. மற்றது ஹெட்லண்ட் வெள்ளை, கண் கறுப்பு, காது கேட்காது. நிறக்கலம் தோலுக்குப் போய்ச் சேராதபோது உட்காதுக்கும் போய்ச் சேர்வதில்லை. குட்டி கத்துவது தாய்க்குக் கேட்காததால் குட்டி இழப்பும் கூடுதல்.

பாஸ்டல் என்ற இளம்பழுப்பில் சிலது தலையை ஒரு பக்கம் சாய்த்தபடியே சுற்றும், நீந்த விட்டால் தடுமாறும். உட்காதில் சமநிலைக்கு வேண்டிய சுண்ணக் கற்கள் உருவாகாததே காரணம். சினைக்காலத்தில் தாயின் தீனியில் மாங்கனீசைக் கூட்டினால் அந்தக் குறை வராமல் தடுக்கலாம் என்று கண்டறிந்தார்கள். நிறம் அப்படியே இருக்கும், சமநிலை மட்டும் திருந்தும். ஜெட் பிளாக் ஆட்சியான இயல்பு, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும்.

கொழுந்துக்கூடை:
சஃபையர்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எதுல சேர்த்தி?

மெண்டல்_டீச்சர்:
அலூசியனும் சில்வர்புளூவும் ஒரே உடலில் சேர்ந்தால் சஃபையர், வெளிர் நீலச் சாம்பல். உயர்தரத்தில் படித்த 9:3:3:1 இதுதான். இரண்டு இயல்பையும் மறைவாகச் சுமக்கும் பழுப்பு மிங்க் இரண்டைச் சேர்த்தால் 16 பங்கில் 9 பழுப்பு, 3 அலூசியன், 3 சில்வர்புளூ, 1 சஃபையர். ஒரு ஈற்றில் சராசரி நாலைந்து குட்டி என்றால் மூன்று நான்கு ஈற்றுக்கு ஒன்றுதான் எதிர்பார்க்கலாம். அதனால் பண்ணைக்காரர் காத்திருப்பதில்லை. சஃபையரைச் சஃபையரோடு சேர்த்தால் எல்லாம் சஃபையர். எல்லாம் நோயாளிக் குட்டிகளும்தான்.

இந்தக் கணக்கே காட்டில் திரும்பி ஓடும். பண்ணையிலிருந்து தப்பிய சாம்பல் மிங்க் பழுப்போடு சேர்ந்தால் முதல் தலைமுறை முழுக்கப் பழுப்பு. சாம்பல் உள்ளே ஒளிந்திருக்கும். ஐரோப்பிய ஆறுகளில் சில தலைமுறைக்குப் பின் பெரும்பாலும் பழுப்பே கண்ணில் படுவது இதனால்தான். வேறு நிறம் தெரிந்தால், பக்கத்தில் எங்கேயோ அண்மையில் கூண்டு திறந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கூதல்காத்து:
நல்ல தகவல். ஒரு யோசனை: நுவரெலியா, அம்பேவல பக்கம் குளிருக்கு இதை வளர்க்க முடியாதா? தேயிலையில இப்ப என்ன கிடைக்குது.

ஈரக்காடு:
அண்ணே, குளிர் இல்லை விஷயம், பகல் நீளம். மிங்க்குக்கு முடி கொட்டுறது, முளைக்கிறது, சினை பிடிக்கிறது எல்லாத்துக்கும் நாட்காட்டி சூரியன்தான். இலையுதிர் காலத்துல பகல் குறையக் குறையக் கோடை முடி கொட்டி, நவம்பர் கடைசி, டிசம்பர் ஆரம்பத்துல குளிர்கால முடி முழுசா நிக்கும். வியாபாரத்துக்கு ஆகுற தோல் அது ஒண்ணுதான். பெப்ரவரி கடைசிக்கு அப்புறம் சேர்க்கை. கரு ஒடனே கருப்பையில ஒட்டாது, மிதந்துக்கிட்டே நிக்கும். பகல் நீளுறது உடம்புக்குத் தெரிஞ்சாத்தான் ஒட்டும். அதனாலதான் சினைக்காலம் 40 நாள்ல இருந்து 75 நாள் வரைக்கும் இழுக்குது, உண்மையான வளர்ச்சி கடைசி 30 நாள்தான்.

கோப்பன்ஹேகன்ல ஜூன்ல பதினேழரை மணித்தியாலம் பகல், டிசம்பர்ல ஏழு. நுவரெலியா வடக்கு அகலாங்கு 7 பாகை. இங்க வருஷத்துல நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. ஜனவரியில துகள்பனி கொட்டினாலும் மிங்க் ஒடம்புக்கு அது குளிர்காலம்னு தெரியாது. கொட்டகைக்குள்ள லைட் போட்டுப் பகலை நீட்டிக் குறைக்கலாம்தான், அப்ப கரண்ட் பில்லைத் தோல் விக்கிற காசுல கழிச்சுப் பாருங்க.

அதைவிடப் பெரிய வில்லங்கம் தப்பிச்சுப் போறது. பிரிட்டன்ல 1956ல டெவன்ல டெயின் ஆத்துல காட்டுல குட்டி போட்டது உறுதியாச்சு. அதுக்கப்புறம் நாடு பூரா நீர்எலி அழிஞ்சுபோக ஒரு முக்கியக் காரணம் மிங்க். நீர்எலி கழுகுக்குப் பயந்தா தண்ணிக்குள்ள பாயும், வேற ஏதாச்சும் துரத்தினா பொந்துக்குள்ள ஓடும். மிங்க் தண்ணியிலயும் துரத்தும். பெண் மிங்க் பொந்துக்குள்ளயும் நுழையும், அந்த அளவுக்கு ஒல்லி. தென் அமெரிக்காவுல பட்டகோனியாவுலயும் இதே கதைதான் நடக்குது. நம்ம மலை ஓடையில இருக்கிற நன்னீர் நண்டு அனேகமா எல்லாமே இந்தத் தீவுல மட்டும் உள்ளது, தவளையிலயும் பெரும்பகுதி அப்படித்தான். தயவு செஞ்சு இந்த யோசனையை வாட்ஸ்அப் குழுவுல போட்டுராதீங்க.

கூதல்காத்து:
சரி சரி, விட்டுட்டேன். அப்போ காட்டுல அது எப்படித்தான் வாழுது?

மெண்டல்_டீச்சர்:
தனியாக. ஆற்றங்கரையோ ஏரிக்கரையோதான் அதன் எல்லை. பரப்பளவாகச் சொல்வதைவிடக் கரையின் நீளமாகச் சொல்வதுதான் பொருத்தம். பெண்ணுக்குச் சில கிலோமீற்றர், ஆணுக்கு அதைவிடக் கூட. ஓர் ஆணின் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கலாம், இன்னோர் ஆண் இருக்க முடியாது. தானாகக் குழி தோண்டுவது அரிது. மஸ்க்ராட் என்ற நீர்க்கரைக் கொறிப்பிராணி விட்டுப்போன பொந்து, வேர்ச்சந்து, பாறை இடுக்கு என்று ஒரே எல்லைக்குள் பல வளைகளை மாறி மாறிப் பயன்படுத்தும்.

கால்விரல்களுக்கிடையே சவ்வு பாதிதான். தண்ணீருக்குள் கண்பார்வை நீர்நாயின் அளவுக்குக் கூர்மை இல்லை. அதனால் கரையிலிருந்தே மீனைப் பார்த்து வைத்துக்கொண்டு பாயும். 5, 6 மீற்றர் ஆழம் வரை மூழ்கும், ஆனால் அதிக நேரம் நிற்காது. மீன், இறால் வகை, தவளை, மஸ்க்ராட், முயல், பறவை முட்டை என்று கிடைத்ததைத் தின்னும். ஆண் முயல், மஸ்க்ராட் போன்ற பெரிய இரையையும் மடக்கும், பெண் சிறியவற்றை நம்பியிருக்கும். நீர்நாய் கூடுதலாக மீனையே நம்பியிருக்கிறது. நீர்நாய் திரும்பி வந்த ஆறுகளில் மிங்க் ஒதுங்கிப்போவதும், தரை இரைக்கு மாறுவதும் பதிவாகியிருக்கிறது.

கொத்மலை_ஓயா:
கீரிப் பக்கத்தையும் முடிச்சிடுவோம், ஏன்னா தோட்டத்துல தெரியுறது அதுதான் கூட. இலங்கையில கீரி நாலு வகை. மலையில கறுப்புக் கலந்த பழுப்பா, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நிறமா, கால் மட்டும் இன்னும் கறுப்பா, வால் அடியில பருத்துக் கூம்பு மாதிரி இருந்தா அது பழுப்புக் கீரி. மிங்க்னு பேர் வாங்குறதும் அனேகமா இதுதான். கழுத்துல காதுக்குக் கீழ இருந்து தோள் வரைக்கும் கறுப்புப் பட்டை, உடம்பு துருச் சிவப்பு, பெரிய ஆகிருதின்னா பட்டைக்கழுத்துக் கீரி. ஆசியாக் கீரிகள்லயே பெரியது, 3 கிலோ வரும். ஓடையில நண்டு பொறுக்குறதால இதையும் நீர்நாய்னு நினைப்பாங்க. வால் நுனி கறுத்து மேல் பக்கம் வளைஞ்சு நின்னா செங்கீரி. நாலாவது சாம்பல் கீரி, அது கீழ்நாட்டு வறண்ட பக்கந்தான் கூட.

இன்னொண்ணு, கிட்டப் பார்க்கக் கிடைச்சா ஒரு முடியைப் பாருங்க. கீரி முடி ஒவ்வொண்ணுலயும் வெளிறு, கறுப்பு, வெளிறுன்னு வளையம் இருக்கும். தூரத்துல உப்பும் மிளகும் தூவின மாதிரித் தெரியுறது அதாலதான். பழுப்புக் கீரியில அது மங்கல், அதுதான் ஆள்களை ஏமாத்துது. நீர்நாய் முடியில அப்படி வளையம் கிடையாது.

தடம்பார்வை:
படத்தை விட்டுட்டுத் தடத்துக்கு வாங்க. பிரிட்டன்ல மிங்க்கைத் தேட மிதவை மேல களிமண் தட்டு வைக்கிறாங்க. அந்த முறையைக் கரையில வச்சாலே நம்ம வேலைக்குப் போதும்.

ஒன்றரை அடிக்கு ஒரு அடி, ரெண்டு அங்குல ஆழத்துல தட்டு எடுங்க, பழைய பேக்கிங் தட்டு போதும். அடியில தண்ணியில ஊறின தென்னந்தும்பு ஒரு அங்குலம் அமுக்கிப் பரப்புங்க. மேல சலிச்ச களிமண் ரெண்டு பங்கு, நைஸ் மணல் ஒரு பங்கு கலந்து ஒரு அங்குலம் பூசி, ஈரக் கரண்டியால வழவழன்னு தடவுங்க. பெருவிரலால அமுக்கிப் பாருங்க. ரேகை தெரியணும், விரல்ல மண் ஒட்டக்கூடாது. ஒட்டினா தண்ணி கூட, ஓரம் வெடிச்சா மணல் கூட. தும்பு எதுக்குன்னா பெப்ரவரி, மார்ச் வெயிலுக்கு அடியில இருந்து ஈரம் ஏத்த. அது இல்லாட்டி ரெண்டாம் நாள் மண் பாளம் பாளமா வெடிச்சிடும்.

ஹட்டன் பக்கம் மே மாசத்துல இருந்து மழை பிடிச்சா ஒரு ராத்திரியில எல்லாம் கரைஞ்சு போகும். வளைச்ச தகரத்தை மேல கவிழ்த்து வைங்க, உள்ள ஒரு அடி உயரமாச்சும் இருக்கணும். மிங்க்குக்கு அரை அடி போதும், நீர்நாய் அவ்வளவு குனிஞ்சு போகாது. தீனி எதுவும் வைக்காதீங்க. தீனி வச்சா வர்றது லயத்து நாய்தான்.

நாய்த்தடம் நாலு விரல், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. பூனையும் நாலு விரல், ஆனா நகம் விழாது. நீர்நாய் அஞ்சு விரல் வளைவா விரிஞ்சு, அகலம் 5ல இருந்து 7 செ.மீ., மண் நல்லா இருந்தா விரலுக்கு நடுவுல சவ்வு விளிம்பும் தெரியும். மிங்க்கும் அஞ்சு விரல்தான், நட்சத்திரம் மாதிரி விரியும், 4 செ.மீ.க்கு மேல போகாது. கீரித்தடமும் அதே சின்ன அளவுதான். அஞ்சாவது விரல் சிறுசுங்கிறதால பல தடவை நாலுதான் விழும், நகக்குறி விரலுக்கு முன்னால தனியாக் குத்தியிருக்கும். படம் எடுக்கிறப்ப அடிமட்டத்தைத் தடத்துக்குப் பக்கத்துல மண்ணோட சமமா வைங்க, கேமராவை நேர் மேல பிடிங்க. சாய்ச்சுப் பிடிச்சா அரை செ.மீ. கூடவோ குறையவோ காட்டும், அந்த அரை செ.மீ.தான் சண்டையே.

பாறை மேல எச்சம் கிடந்தா வெறுங்கையால தொடாதீங்க, எலிக்காய்ச்சல் இருக்கிற நாடு இது. குச்சியால கிளறினாப் போதும். நீர்நாய் எச்சத்துல செதிலும் முள்ளும் நண்டு ஓடும் இருக்கும், வாடையும் குமட்டாது, மீனும் வைக்கோலும் கலந்த மாதிரி. மிங்க் எச்சம் கயிறு மாதிரி முறுக்கி, கிட்டப் போகவே முடியாத நாத்தம்.

ஈரக்காடு:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். தட்டு வைக்கலாம், கண்ணி, கூண்டு எதுவும் வைக்காதீங்க. நீர்நாய் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிச்சுப் பார்த்துட்டு விடுறோம்னு சொன்னாலும் வழக்குத்தான். காயம்பட்டுக் கிடந்தா வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்க.

காசல்ரீ_கரை:
தட்டு வச்ச மூணாவது நாள் தடம் விழுந்திருக்கு, படம் கீழ. அஞ்சு விரல், அடிமட்டத்துல 6.5 செ.மீ. பக்கத்துப் பாறையில எச்சம், நண்டு ஓடு நிறைய, செதில் கொஞ்சம். சவ்வு விளிம்பு ரெண்டு விரலுக்கு நடுவுல லேசாத் தெரியுது.

தடம்பார்வை:
அடிமட்டம் சாய்ஞ்சிருக்கு தம்பி, 6ன்னு வச்சுக்குங்க. எதுவானாலும் நீர்நாய்தான். செதில் குறைச்சலா இருக்கிறதால நண்டை நம்பித்தான் இப்ப ஓடுது போல. தட்டை அதே இடத்துல விட்டு வைங்க, சின்னத் தடம் பக்கத்துல விழுதான்னு பாருங்க. 4 செ.மீ.ல அதே அஞ்சு விரல் சேர்ந்து வந்தா மிங்க் வந்துருச்சுன்னு குழுவுல போட்டுராதீங்க, அது குட்டி.